‘கடவுளே, காப்பாற்று!’ என்று கதறிய வெள்ளிக்காசு

காசு பேசுமா?

பேசும். ராஜாக்கள் வெளியிட்ட காசுகள் எல்லாம் பேசும். பெரும்பாலும் அவை பெருமைதான் பேசும். “நான் பெரிய ராஜா”, “எனக்கே வெற்றி”, “என்னை எதிர்க்க ஆள் இல்லை” என்றுதான் சொல்லும்.

ஆனால், ஒரு பேரரசின் காசு அழுதது. “கடவுளே! ரோமானியர்களுக்கு உதவி செய்!” என்று கெஞ்சியது.

அது ஒரு வெள்ளிக்காசு. 1,400 ஆண்டுகளுக்கு முன் அச்சடித்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும், அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் உள்ள டம்பார்ட்டன் ஓக்ஸ் மியூசியத்திலும் இந்த வகைக் காசுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஒரு பெரிய பேரரசு, தன் காசிலேயே இப்படிக் கதறி எழுதக் காரணம் என்ன? அந்தக் கதையைப் பார்ப்போம்.

மூன்று வயது ராஜா!

முதலில், காசைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல் பார்ப்போம்.

நம் ஐந்து ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். எடை ஆறரை கிராமுக்குச் சற்று அதிகம். அதாவது, ஒரு சவரனைவிடக் கொஞ்சம் குறைவு.

ஒரு பக்கத்தில், சிம்மாசனத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பெரியவர். அவர்தான் ஹிராக்ளியஸ் சக்கரவர்த்தி. பக்கத்தில் இருப்பது சிறிய உருவம். அது அவனுடைய மகன் கான்ஸ்டன்டைன். இருவர் தலையிலும் கிரீடம். இருவர் கையிலும் சிலுவை பதித்த உருண்டை. ‘உலகமே எங்கள் கையில்’ என்று அதற்கு அர்த்தம்.

இந்தக் காசு முதலில் வெளிவந்தது 615-ல். மகன் பிறந்தது 612-ல். ஆக, அந்த ராஜாவுக்கு அப்போது வயது மூன்றுதான்! ஒரு வயது நிறைவதற்கு முன்பே அவனுக்குக் கிரீடம் சூட்டிவிட்டார்கள்.

காசைத் திருப்புவோம். மறுபக்கத்தில் மூன்று படிகள். படிகளின் மேல் ஓர் உருண்டை. அதன் மேல் ஒரு சிலுவை. சுற்றிலும் லத்தீன் மொழியில் எழுத்துக்கள்.

“தேயுஸ் அத்யூதா ரோமானிஸ்!”

‘கடவுளே, ரோமானியர்களுக்கு உதவி செய்’ என்று பொருள்.

அந்த நாட்டுத் தங்கக்காசிலே ‘வெற்றி’ என்ற சொல் இருந்தது. வெள்ளிக்காசிலோ ‘உதவி’ என்ற சொல் வந்தது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம்!

கடைக்காரர் சொல்லும் ‘கிராம்’

இந்தக் காசுக்கு ‘ஹெக்ஸாகிராம்’ என்று பெயர். கிரேக்க மொழியில் ‘ஹெக்ஸா’ என்றால் ஆறு. ‘கிராமா’ என்றால் ஒரு சிறிய எடை. ஆறு கிராமா எடையுள்ள காசு என்பதால் அந்தப் பெயர் வந்தது.

கடையிலே, “நூறு கிராம் காப்பித்தூள் கொடுங்கள்” என்று கேட்கிறோமே, அந்த ‘கிராம்’ என்ற சொல்லும் இந்தக் ‘கிராமா’விலிருந்து வந்ததுதான். பழைய கிராமா, இன்றைய கிராமைவிடச் சற்று அதிக எடை. அதனால்தான் ஆறு கிராமா காசு ஆறரை கிராமுக்கு மேல் நிற்கிறது.

ரோம் இல்லாத ரோமானியர்கள்

ரோமாபுரி இத்தாலியில் இருக்கிறது. ஆனால், இந்தக் காசை அடித்தவர்கள் இத்தாலியில் இல்லை. இன்று துருக்கி நாட்டில் இஸ்தான்புல் என்று ஒரு நகரம் இருக்கிறதே, அங்கே இருந்தார்கள். அன்று அதன் பெயர் கான்ஸ்டாண்டிநோபிள்.

330-ல் கான்ஸ்டன்டைன் என்ற ரோமானியச் சக்கரவர்த்தி அதைப் புதிய தலைநகரம் ஆக்கினான். 476-ல் இத்தாலியில் ரோமானியச் சக்கரவர்த்திகளின் ஆட்சி முடிந்தது. ஆனால், கிழக்கே இருந்த ஆட்சி மட்டும் 1453 வரை நீடித்தது.

அவர்கள் பேசியது கிரேக்க மொழி. ஆனாலும், “நாங்கள் ரோமானியர்கள்” என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டார்கள். ‘பைசாந்தியப் பேரரசு’ என்பது பிற்காலத்து அறிஞர்கள் வைத்த பெயர். அந்த நகரத்தின் பழைய பெயர் பைசாந்தியம்.

இலங்கையில் நடந்த போட்டி

இந்த ரோமானியர்களின் பெருமையே அவர்களுடைய தங்கக்காசுதான். நாலரை கிராம் எடையுள்ள அந்தத் தங்கக்காசு கடல் கடந்து எங்கும் செல்லும். இலங்கையிலே அதைப் பற்றி ஒரு போட்டியே நடந்தது!

காஸ்மாஸ் என்ற வணிகர் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் அந்தச் சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார்.

சொபாத்ரோஸ் என்ற ரோமானிய வியாபாரி இலங்கைக்கு வந்தார். அதே சமயம் பாரசீக நாட்டார் ஒருவரும் வந்து சேர்ந்தார். பாரசீகம் என்பது இன்றைய ஈரான். இருவரும் இலங்கை மன்னன் முன் நின்றார்கள்.

“உங்கள் இரு ராஜாக்களில் யார் பெரியவர்?” என்று மன்னன் கேட்டான்.

தன் ராஜாதான் பெரியவர் என்று பாரசீகர் முந்திக்கொண்டார். சொபாத்ரோஸ் வாதாடவில்லை. இரண்டு ராஜாக்களும் இங்கேயே இருக்கிறார்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, இரு நாட்டுக் காசுகளையும் பார்க்கச் சொன்னார்.

ரோமானியக் காசு, பளபளக்கும் தங்கம். பாரசீகக் காசு, வெள்ளி. மன்னன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரோமானியரே பெரியவர் என்று தீர்ப்புச் சொன்னான். சொபாத்ரோஸை யானை மேல் ஏற்றி, மேளதாளத்தோடு ஊர்வலம் விட்டார்கள் என்கிறது நூல்.

அன்று வெள்ளிக்காசு தோற்றது. ஆனால், சுமார் நூறு ஆண்டுகளில் காலம் மாறியது. தங்கத்தைக் காட்டிப் பெருமைப்பட்ட அதே ரோமானியர்கள், தங்கம் போதாமல் வெள்ளியைத் தேடினார்கள். அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? அதே பாரசீகர்கள்தான்!

ஒரு கொலையும் அதன் விளைவும்

மாரிஸ் என்ற சக்கரவர்த்தி ரோமானியரை ஆண்டுவந்தான். பாரசீக இளவரசன் குஸ்ரு தன் நாட்டில் அரியணையை இழந்து அவனிடம் அடைக்கலம் தேடி வந்தான். மாரிஸ் படை கொடுத்து உதவினான். 591-ல் குஸ்ரு மீண்டும் பாரசீக மன்னன் ஆனான். இரு நாடுகளும் நட்பாக இருந்தன.

602-ல் எல்லாம் தலைகீழ் ஆயிற்று. மாரிஸின் சொந்தப் படையே கலகம் செய்தது. போக்கஸ் என்ற படைவீரன் ஆட்சியைப் பிடித்தான். மாரிஸின் கண் எதிரிலேயே அவனுடைய மகன்களை வெட்டினார்கள். பிறகு அவனையும் வெட்டினார்கள்.

தனக்கு வாழ்வு கொடுத்தவரைக் கொன்றுவிட்டார்கள் என்று சொல்லிக் குஸ்ரு போர் தொடுத்தான். அந்தப் போர் 628 வரை நடந்தது!

610-ல், ஆப்பிரிக்காவில் உள்ள கார்தேஜ் நகரிலிருந்து ஓர் இளைஞன் கப்பல் படையோடு வந்தான். போக்கஸை ஒழித்துவிட்டு, தானே சக்கரவர்த்தி ஆனான். அவன்தான் நம் காசில் இருக்கும் ஹிராக்ளியஸ்.

ஆனால், கொடுங்கோலன் போனதும் நல்ல காலம் வந்துவிடவில்லை.

அடிமேல் அடி

613-ல் டமாஸ்கஸ் நகரம் பாரசீகரிடம் விழுந்தது.

614-ல் ஜெருசலேம் விழுந்தது. ஏசுநாதரை அறைந்த சிலுவை என்று கிறிஸ்தவர்கள் போற்றிவந்த புனிதச் சிலுவையையும் பாரசீகர்கள் எடுத்துப் போனார்கள்.

615-ல் பாரசீகப் படை தலைநகரத்தின் எதிர்க்கரைக்கே வந்துவிட்டது. நடுவில் ஒரு குறுகிய கடல்தான். நகர மதிலில் நின்றால் எதிரி நிற்கும் கரை தெரியும்.

சமாதானம் கேட்டுக் குஸ்ருவிடம் மூன்று பேரைத் தூது அனுப்பினார்கள். தூது போனவர்கள் திரும்பவே இல்லை. அவர்களைச் சிறையில் அடைத்துவிட்டான் குஸ்ரு. அங்கேயே அவர்கள் மாண்டார்கள்.

அந்த 615-ல்தான் இந்த வெள்ளிக்காசு பிறந்தது.

சம்பளம் பாதி!

அதே நகரத்தில் அந்தக் காலத்தில் எழுதிய ஓர் ஆண்டுக்குறிப்பு நூல் இருக்கிறது. 615-ஆம் ஆண்டுச் செய்தியாக அது சொல்வது இது: ஆறு கிராமா எடையுள்ள வெள்ளிக்காசு அடிக்கச் சட்டம் போட்டார்கள். அரசாங்கச் சம்பளத்தை அந்தக் காசிலேயே கொடுத்தார்கள். அதுவும், பழைய கணக்கில் பாதி!

மாதக் கடைசியில் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களுக்கு இதன் வலி தெரியும். கையில் புதுக்காசு வருகிறது. ஆனால், பழைய சம்பளத்தில் பாதிதான் வருகிறது. அந்தக் காசிலோ, ‘கடவுளே, உதவி செய்’ என்று எழுதியிருக்கிறது. சக்கரவர்த்தி வேண்டியதைத்தான் அந்தச் சம்பளக்காரர்களும் வேண்டியிருப்பார்கள்.

இன்னொரு விதத்திலும் அந்த வாசகம் பொருத்தமானது. அது போர்க்களத்தில் கேட்ட குரல். போர் தொடங்கும்போது ஒருவர் “உதவி செய்” என்று கூவ, படை முழுவதும் “கடவுளே” என்று முழங்க வேண்டும் என்று அந்தக் காலத்துப் போர்ப்பயிற்சி நூல் சொல்கிறது. நம் ஊரிலே ஒருவர் “வெற்றிவேல்” என்றால், கூட்டம் “வீரவேல்” என்கிறதே, அதைப்போல!

மியூசியங்களில் உள்ள காசுகளைப் பார்த்தால் அன்றைய அவசரமும் தெரிகிறது. கையால் சுத்தியல் கொண்டு அடித்த காசுகள். பல காசுகளில் அச்சு நடுவில் விழவில்லை. ஓரத்தில் எழுத்துக்கள் பாதி காணோம். அழகு பார்க்க நேரம் இல்லை. சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

ரொட்டியும் நின்றது

கான்ஸ்டாண்டிநோபிள் மக்களுக்கு அரசாங்கம் இலவசமாக ரொட்டி கொடுத்துவந்தது. அதற்கு வேண்டிய கோதுமை எகிப்து நாட்டிலிருந்து கப்பலில் வரும். எகிப்தையும் பாரசீகர்கள் தாக்கினார்கள். கோதுமைக் கப்பல் வரவில்லை.

618-ல் ரொட்டிக்குக் காசு கேட்டார்கள். அதே ஆண்டில் ரொட்டியையே நிறுத்தினார்கள். 619-ல் எகிப்தின் பெரிய நகரமான அலெக்சாண்டிரியா வீழ்ந்தது.

ஹிராக்ளியஸ் மனம் உடைந்தான். தலைநகரத்தை விட்டு, தான் வந்த கார்தேஜுக்கே போய்விடலாம் என்று நினைத்தான். பொக்கிஷத்தைக் கப்பலில் ஏற்றி முன்னால் அனுப்பினான். புயலில் அதில் பெரும்பகுதி கடலில் மூழ்கியது என்கிறது பழைய வரலாற்று நூல்.

செய்தி அறிந்து மக்கள் தடுத்தார்கள். தலைமைக் குரு செர்ஜியஸ், சக்கரவர்த்தியைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனார். “நகரத்தை விட்டுப் போகமாட்டேன்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஹிராக்ளியஸ் தங்கினான்.

விளக்கு உருகியது, காசு ஆனது

தங்கினால் போதுமா? படை வேண்டும். படைக்குப் பணம் வேண்டும். பணம் எங்கே இருக்கிறது?

தேவாலயங்களில் இருந்தது. நகரின் நடுவில் ஹாகியா சோபியா என்ற பெரிய தேவாலயம். 537-ல் கட்டி முடித்தது. தலைமுறை தலைமுறையாகப் பக்தர்கள் கொடுத்த பொன்னும் வெள்ளியும் அங்கே குவிந்திருந்தன.

622-ல் போருக்குப் புறப்பட்டபோது, தேவாலயங்களின் பணத்தை ஹிராக்ளியஸ் கடனாக வாங்கினான். பெரிய தேவாலயத்தின் விளக்குத் தண்டுகளையும் பூஜைப் பாத்திரங்களையும் எடுத்து, உருக்கி, பொற்காசும் வெள்ளிக்காசும் அடித்தான்.

நேற்றுவரை சந்நிதியில் எரிந்த விளக்கு, இன்று சிப்பாயின் மடியில் காசு! ‘கடவுளே, உதவி செய்’ என்று அதில் எழுதியது வெறும் அலங்காரம் அல்ல. கடவுளின் சொத்தைத்தான் அவர்கள் செலவு செய்தார்கள்.

உருக்காமல் தப்பிய வெள்ளியும் உண்டு. 1902-ல் சைப்ரஸ் தீவில் ஒரு புதையல் கிடைத்தது. தாவீது ராஜாவின் கதையைச் சிற்பமாகச் செதுக்கிய ஒன்பது வெள்ளித் தட்டுகள் அதில் இருந்தன. அவற்றின் பின்புறம் ஹிராக்ளியஸ் காலத்து முத்திரை இருக்கிறது. பெரிய தட்டில், சிறுவன் தாவீது அரக்கன் கோலியாத்தை வெல்கிறான். அது அரை மீட்டர் அகலம்! ஆறு தட்டுகள் நியூயார்க் மியூசியத்திலும், மூன்று சைப்ரஸ் மியூசியத்திலும் இருக்கின்றன. காசாக உருகிப்போன வெள்ளியில் எத்தனை அழகு கரைந்ததோ!

பத்து வயதுப் பையனிடம் நகரம்

சக்கரவர்த்தி போருக்குப் போய்விட்டான். நகரம் யார் பொறுப்பில்? காசில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் பொறுப்பில்தான்! அவனுக்கு அப்போது வயது பத்து. தலைமைக் குரு செர்ஜியஸும், போனஸ் என்ற அதிகாரியும் அவனுக்குத் துணை.

626-ல் பெரிய சோதனை வந்தது. வடக்கேயிருந்து அவார்கள் என்ற கூட்டத்தார் படையெடுத்து வந்து மதிலைத் தாக்கினார்கள். எதிர்க்கரையில் பாரசீகர்கள். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் நகரம் தொலைந்தது.

ஹிராக்ளியஸ் திரும்பி வரவில்லை. படையில் ஒரு பகுதியை மட்டும் அனுப்பிவிட்டு, எதிரியின் நாட்டை நோக்கியே போனான். நகர மக்கள் தாங்களே நின்றார்கள். ரோமானியக் கப்பல்கள் கடலைக் காத்தன. பாரசீகரை இக்கரைக்கு வரவிடவில்லை. பத்து நாள் முற்றுகைக்குப் பிறகு அவார்கள் பின்வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டு, 627 டிசம்பர் 12-ல், நினிவே நகரின் அருகே பெரும் போர் நடந்தது. அது இன்றைய ஈராக்கில் இருக்கிறது. ஹிராக்ளியஸ் வென்றான். 628-ல் குஸ்ருவை அவன் மகனே சிறையில் தள்ளினான், குஸ்ரு கொல்லப்பட்டான். புது மன்னன் சமாதானம் செய்துகொண்டான். இழந்த நாடுகள் திரும்பக் கிடைத்தன. 630-ல் புனிதச் சிலுவையை ஹிராக்ளியஸ் ஜெருசலேமில் மீண்டும் வைத்தான்.

தேவாலயக் கடனையும் அவன் மறக்கவில்லை. கஜானாவிலிருந்து ஆண்டுதோறும் பெரிய தேவாலயத்துக்குப் பணம் கொடுக்க உத்தரவு போட்டான்.

வென்றவனும் களைத்தான்

காசின் வேண்டுதல் பலித்துவிட்டது. கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால், முடியவில்லை.

ஹிராக்ளியஸ் போருக்குப் புறப்பட்ட அதே 622-ல், அரேபியாவில் நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சென்றார். முஸ்லிம்களின் ஹிஜ்ரி ஆண்டு அதிலிருந்துதான் தொடங்குகிறது. அரபு நாட்டார் ஒன்றுபட்டு எழுந்தார்கள்.

கால் நூற்றாண்டுப் போரில் ரோமானியரும் பாரசீகரும் ரத்தம் சிந்திக் களைத்துக் கிடந்தார்கள். கஜானா காலி. ஊர்கள் பாழ். 636-ல் யார்மூக் என்ற இடத்தில் அரபுப் படை ரோமானியப் படையை முறியடித்தது. சிரியா போயிற்று. ஜெருசலேம் போயிற்று. பிறகு எகிப்தும் போயிற்று. பாரசீகப் பேரரசோ 651-ல் அடியோடு மறைந்தது.

எந்த நாடுகளுக்காகத் தேவாலய விளக்கை உருக்கினானோ, அந்த நாடுகள் கைவிட்டுப் போவதை ஹிராக்ளியஸ் உயிரோடு இருந்து பார்த்தான். 641 பிப்ரவரியில் அவன் இறந்தான்.

காசில் இருந்த குழந்தை? அவன் வளர்ந்து 28 வயது ஆகியிருந்தான். அப்பாவுக்குப் பின் அரியணை ஏறினான். உடம்பில் நோய். சுமார் மூன்று மாதமே ஆண்டான். 641 மே மாதம் அவனும் இறந்துபோனான்.

இன்றும் அதே வார்த்தை

அதற்குப் பிறகும் சில பத்தாண்டுகள் இந்த வகை வெள்ளிக்காசு வந்துகொண்டிருந்தது. ஹிராக்ளியஸின் பேரனும் அடித்தான், கொள்ளுப்பேரனும் அடித்தான். ‘கடவுளே, உதவி செய்’ என்ற வாசகத்தை அவர்களும் விடவில்லை. அவர்களுக்கும் அந்த உதவி தேவையாகத்தான் இருந்தது. 7-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் காசு ஓய்ந்தது.

ஆர்மீனியா, ஜார்ஜியா போன்ற மலைநாடுகளில் இந்தக் காசுகள் மண்ணுக்கடியில் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. ஹிராக்ளியஸ் படை நடத்திய பகுதிகள் அவை. போர்க்களம் போன சிப்பாய்கள் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று புதைத்தார்களோ என்னவோ! எடுக்க யாரும் வரவில்லை.

சம்பளக்காரன் பாதியாக வாங்கிய காசு அது. தேவாலய விளக்கை உருக்கி அடித்த காசு அது. அதைக் கொடுத்தவனும் இல்லை, வாங்கியவனும் இல்லை, அடித்த பேரரசும் இல்லை.

மியூசியத்தில் அந்த மூன்று வயதுக் குழந்தை மட்டும் இன்னமும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். காசைத் திருப்பினால் அதே மூன்று வார்த்தைகள் இருக்கின்றன. “கடவுளே, ரோமானியர்களுக்கு உதவி செய்!”